அச்சில் குணமான கண்

மேலச்சவேரியார்பட்டி
1934 ஜூலை 16

சேசு மரி சூசை

பிரியமுள்ள அண்ணன் இன்னாசிக்குத் தங்கை கித்தேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் அப்பாவும் அம்மாவும் சுகம். குருமடத்துச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கம்பு புடைக்கையில் என் இடது கண்ணில் உமி விழுந்தது. தெரியாமல் கசக்கிவிட்டேன். மறுநாள் கண் சிவந்து வீங்கியது. தாய்ப்பால் விட்டுப் பார்த்தோம், கேட்கவில்லை. மதுரைக்குக் கீரை கொண்டுபோகிற தங்கப்பொண்ணு அக்கா இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கருமுழியில பூ விழுந்துருக்கு புள்ள. நாளைக்கே என் வண்டியில ஏறு, ஆசுபத்திரியில எறக்கி விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். "ஒங்களுக்குத்தான் ஆசுபத்திரி வேணும். எங்களுக்குக் கண்ணக் காக்குற லூசியம்மா இருக்கா" என்றார்.

"சரிங்க உபதேசியாரே. போன மாசம் ஒங்களுக்குப் பல்லு வலிச்சப்ப மட்டும் எந்த அம்மா மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா?" என்று அக்கா சிரித்தாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை.

அப்பாவைக் குறை சொல்லவில்லை அண்ணா. கண் நோவுக்கு நம் லூசியம்மாள் கோயில் விளக்கில் எரிகிற எண்ணெயை வாங்கிப்போகச் சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் வருகிறது. உபதேசியார் மகளே ஆசுபத்திரிக்குப் போனால் அந்த எண்ணெயை யார் நம்புவார் என்கிறார். ஒன்பது நாள் செபமாக நவநாள் தொடங்கியிருக்கிறோம். நானும் நம்பிக்கையாகத்தான் செபிக்கிறேன். ஆனாலும் பயமாக இருக்கிறது.

அப்பா உங்கள் சொல் ஒன்றைத்தான் தட்டமாட்டார். "கித்தேரியை ஆசுபத்திரிக்கு அனுப்புங்கள்" என்று ஒரு வரி அவருக்கு எழுதினால் போதும். நான் கேட்டதாக எழுதவேண்டாம். அதிகப்பிரசங்கம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

உங்கள் தங்கை,
கித்தேரி


குருமடம், திருச்சி
1934 ஆகஸ்ட் 2

சேசு மரி சூசை

அன்புத் தங்கை கித்தேரிக்கு ஆசீர்வாதம். என் வயிறு நன்றாக இருக்கிறது. அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உன் கடிதம் கண்டு வருந்தினேன். அதைவிட, அதில் இருந்த பயத்தைக் கண்டு வருந்தினேன். நாம் செபத்தில் எதைக் கேட்டாலும் அதைப் பெற்றுக்கொண்டோம் என்றே விசுவசிக்க வேண்டும், அப்போதுதான் கிடைக்கும் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். கிடைக்குமா என்று கேட்பவன் பாதிக் கையைத்தான் நீட்டுகிறான். போன ஞாயிறு எங்கள் அதிபர் சுவாமியார் இதையே பிரசங்கம் செய்தார். நான் உன்னை நினைத்துக்கொண்டேன்.

வைத்தியம் பாவம் அல்ல. ஆனால் உபதேசியார் வீட்டைப் பார்த்துத்தான் ஊர் நடக்கிறது. இதையே அப்பாவுக்கும் விரிவாக எழுதியிருக்கிறேன். லூசியம்மாள் படம் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன், தலையணையின்கீழ் வைத்துக்கொள்.

கண்ணைக் கசக்காதே.

அண்ணன்,
இன்னாசி


மேலச்சவேரியார்பட்டி
1934 ஆகஸ்ட் 28

சேசு மரி சூசை

பிரியமுள்ள அண்ணனுக்குக் கித்தேரியின் தோத்திரம். இங்கே மழை இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். உங்களுக்கு இருமல் நின்றதா?

நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை அவர் மாலைச் செபம் முடிந்ததும் கோயிலில் எல்லோருக்கும் வாசித்தார். வாசிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. "கேட்டீங்களா, நாளைக்குச் சாமியாராகப் போற பிள்ள எழுதுறான். கேட்டாச்சு, கெடச்சாச்சு! அம்புட்டுத்தான்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நவநாள் முடிந்தது. பூ சிறிதாகவில்லை. இடது கண்ணில் சன்னல் தெரிகிறது, கம்பி தெரியவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள், "சொல்லாதடி. சந்தேகப்பட்டா பலிக்காதுன்னு சொல்றாகல்ல" என்று என் வாயைப் பொத்தினாள்.

இன்னொன்று. வெள்ளியில் இரண்டு கண் செய்து போடுவதாகவும், நம் கத்தோலிக்க மாதப் பத்திரிகையில் நன்றி அச்சிடுவதாகவும் அப்பா நேர்ந்திருக்கிறார். எல்லோரும் குணமான பின்தான் நன்றி எழுதி அனுப்புவார்கள் அல்லவா? அப்பா இப்போதே எழுதிவிட்டார். முன்கூட்டி நன்றி சொல்வதுதான் பெரிய விசுவாசமாம். அச்சகம் குருமடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதில் "என் மகள் கித்தேரியின் கண்ணில் விழுந்த பூ அற்புதமாய் மறைந்து பூரண பார்வை பெற்றாள்" என்று இருக்கிறது.

இன்னும் பெறவில்லை அண்ணா. கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

கித்தேரி


குருமடம், திருச்சி
1934 செப்டம்பர் 30

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். தேர்வு இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இருமல் இல்லை.

அப்பாவின் நன்றியை நானே அச்சகத்தில் கொடுத்தேன். நீ எழுதியதை யோசிக்காமல் இல்லை. சர்வேசுரனுக்கு நேற்று, இன்று, நாளை என்பது கிடையாது. அவர் தரப்போவதைத் தந்ததாகச் சொல்வது பொய்யாகாது.

அச்சான தாளை அதிபர் சுவாமியார் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னும் வாசிக்கச் செய்தார். அது உன் தங்கையா, உன் தங்கையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குப் பிப்ரவரி இரண்டாம் தேதி மாதா திருநாளன்று குருமாணவருக்குரிய அங்கி கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. அப்பாவிடம் சொல், பூரித்துப்போவார்.

கண் இப்போது நன்றாகத்தானே இருக்கிறது?

இன்னாசி


மேலச்சவேரியார்பட்டி
1934 அக்டோபர் 29

சேசு மரி சூசை

பிரியமுள்ள அண்ணனுக்குத் தோத்திரம். உங்களுக்கு அங்கி கிடைக்கப்போவது கேட்டு அம்மா அழுதாள். சந்தோஷ அழுகைதான். அப்பா ஊருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

பத்திரிகை வந்ததிலிருந்து வீட்டில் ஆள் ஓயவில்லை. வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் முற்றத்தில் உட்காரவேண்டும். என் நாடியைப் பிடித்துத் தூக்கி, "எந்தக் கண்ணுத்தா? இதுவா? இன்னும் வெள்ளையாத் தெரியுதே!" என்கிறார்கள். அப்பா உடனே, "பூ உதுந்துபோச்சு. தழும்ப மட்டும் அடையாளத்துக்கு அம்மா விட்டு வச்சிருக்கா" என்பார். "ஆமாமா, அதானே" என்று கண்ணுக்கு முத்தம் கொடுக்கிறார்கள். பிறகு அந்த நன்றியை நான் வாசித்துக் காட்டவேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் தண்ணீர் கேட்கவே கூச்சம் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "தாழ்ச்சியான பிள்ள, வானத்துச் சம்மனசு மாதிரி" என்கிறார்கள்.

தங்கப்பொண்ணு அக்கா வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்னத்தா, சாமியாகிட்டியா? எனக்கும் ஒரு வரங் குடு, கீர சீக்கிரம் வித்துரணும்" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து, "நெசமாத் தெரியுதாடி?" என்று கேட்டாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன்.

தெரியவில்லை அண்ணா. இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான். வலது கண்ணிலும் நீர் வடிகிறது, காலையில் ஒட்டிக்கொள்கிறது.

நேற்று ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்தாள். பிள்ளையின் கண் இரண்டும் சீழ் வைத்திருந்தது. கோயில் எண்ணெயைத் தடவி, "நீ ஒருக்காத் தொடு ஆத்தா" என்று என் கையை இழுத்து வைத்தாள். சூடாக இருந்தது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தொட்டேன். அவள் என் காலில் விழுந்துவிட்டுப் போனாள்.

அப்பாவுக்கு அந்த ஒரு வரி எழுதுங்கள். இந்த முறை நான் கேட்டதாகவே எழுதலாம்.

கித்தேரி


மேலச்சவேரியார்பட்டி
1934 நவம்பர் 24

சேசு மரி சூசை

பிரியமுள்ள அண்ணனுக்கு. உங்களிடமிருந்து பதில் இல்லாததால் உடம்புக்கு என்னமோ என்று பயந்துபோனேன். நேற்று அப்பாவுக்கு உங்கள் கடிதம் வந்தது, சுகமாக இருப்பதாக. அதில் என் கடிதத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒருவேளை வந்து சேரவில்லையோ என்னவோ.

வரி கோணலாகப் போவதற்கு மன்னிக்கவும். காகிதத்தை மூக்கோடு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வலது கண்ணிலும் புகை மூட்டம். நாகமலை இருக்கிற பக்கம் தெரிகிறது, மலை தெரியவில்லை. அடுப்பில் கை சுட்டுக்கொண்டேன். அம்மா எண்ணெய் தடவினாள், எப்படிச் சுட்டது என்று கேட்கவில்லை.

டிசம்பர் பதின்மூன்று லூசியம்மாள் திருவிழா. மதுரையிலிருந்து சுவாமியார் வருகிறார். ஜனத்துக்கு முன்னால் அந்த நன்றியை நான் வாசிக்கவேண்டுமாம். அதற்கு முன் நான் மதுரைக்குப் போயாகவேண்டும் அண்ணா. ஒரு வரி.

கித்தேரி


குருமடம், திருச்சி
1934 டிசம்பர் 4

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உடனே எழுத என்னால் முடியவில்லை.

நீ கஷ்டப்படுவது தெரிகிறது. சர்வேசுரன் தமக்குப் பிரியமானவர்களைத்தான் சோதிக்கிறார். இப்போது நீ ஆசுபத்திரிக்குப் போனால் அது உன்னோடு நிற்காது. அச்சானதைப் படித்து விசுவாசத்தில் உறுதிப்பட்ட ஏழை ஜனங்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இடறல் உண்டாகும். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் சிரிப்பார்கள். அப்பாவின் வேலைக்கும் கேடு வரலாம். அச்சகத்தில் கொடுத்தவன் யார் என்றும் கேட்பார்கள்.

பிப்ரவரி வரைக்கும் பொறுத்துக்கொள். அதற்குள் அம்மாள் கண் திறப்பாள். உனக்காகத் தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். இரவில் விளக்கைப் பார்க்காதே. குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவு.

இன்னாசி


குருமடம், திருச்சி
1934 டிசம்பர் 19

சேசு மரி சூசை

என் பிரியமுள்ள தங்கைக்கு!

அப்பா எழுதியிருக்கிறார். திருவிழாவில் அத்தனை ஜனத்துக்கு முன் நீ ஒரு சொல் தடுக்காமல் வாசித்தாயாம்! சுவாமியாரே அசந்துபோனாராம். இதைப் பற்றித் தனியாக ஒரு நன்றி எழுதச் சொல்லியிருக்கிறாராம். சாப்பாட்டு அறையில் சந்தோஷத்தில் என்னால் சாப்பிட முடியவில்லை. இப்போதாவது நம்புகிறாயா? நான் சொன்னேன் அல்லவா?

அன்று வாசிக்கும்போது எப்படி இருந்தது என்று உன் கையாலேயே எழுது. அதிபர் சுவாமியார் கேட்கிறார்.

இன்னாசி


குருமடம், திருச்சி
1935 பிப்ரவரி 3

சேசு மரி சூசை

வணக்கத்துக்குரிய அப்பாவுக்கு மகன் இன்னாசி தோத்திரம் சொல்லி எழுதுவது. நேற்று மாதா திருநாளில் எல்லாம் நல்லபடியாக நிறைவேறியது. அங்கி உடுத்தியாயிற்று. நீங்களும் அம்மாவும் வந்து பார்க்க முடியாமல் போனதுதான் குறை. கித்தேரி பெரியம்மா வீட்டுக்குத் திண்டுக்கல் போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவளிடமிருந்து இரண்டு மாதத்துக்கு மேலாகக் கடிதமே இல்லை.

கித்தேரியை ஆசுபத்திரிக்கு அனுப்புங்கள். இனித் தடை ஒன்றும் இல்லை. யாராவது கேட்டால் சாதாரணக் கண் சிவப்பு என்று சொல்லலாம்.

உங்கள் மகன்,
இன்னாசி


பெரிய ஆசுபத்திரி, மதுரை
1935 பிப்ரவரி 20

அண்ணன் இன்னாசிக்குக் கித்தேரி சொல்லச் சொல்ல எழுதுவது. எழுதுகிறவள் சாதிகா. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சுல்தான் பீவி அம்மாவின் மகள். நான் சொல்வதை மாற்றாமல் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

நான் திண்டுக்கல்லுக்குப் போகவில்லை. நீங்கள் அப்பாவுக்கு எழுதியதை அம்மா மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். சாதிகாதான் வாசித்துச் சொன்னாள். நான் ஜூலையில் கேட்ட வரி, சொல் மாறாமல் அப்படியே இருந்தது.

திருவிழாவில் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். சுவாமியார் பத்திரிகையை என் கையில் கொடுத்தார். காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்து வாசித்து எனக்கு அது மனப்பாடம். தலையைக் குனிந்து சொன்னேன். பாதியில் அம்மா பக்கத்தில் வந்து, முக்காட்டைச் சரிசெய்கிறவள் போல, என் கையிலிருந்த பத்திரிகையில் ஒரு தாளைத் திருப்பினாள். நான் வேறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஜனம் "லூசியம்மா வாழ்க" என்று கத்தியது. வெடி போட்டார்கள். அம்மா என் கையை விடவேயில்லை.

மறுநாள் விடிந்ததும் அப்பாவிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் இவள மதுரைக்குக் கொண்டு போறேன். தடுத்தீகன்னா கோயில் வாசல்ல நின்னு கத்துவேன்." அப்பா வாசலை விட்டு விலகி நின்றார். தங்கப்பொண்ணு அக்கா கீரைக்கட்டை ஒதுக்கி எனக்கு இடம் விட்டாள். வழிநெடுக ஒரு கேலியும் பேசவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

இங்கே டாக்டரம்மா இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். உமி விழுந்த வாரமே வந்திருந்தால் மருந்திலேயே ஆறியிருக்குமாம். ஐப்பசியில் வந்திருந்தால் வலது கண்ணாவது தப்பியிருக்குமாம். இப்போது அதில் கையை ஆட்டினால் நிழல் தெரிகிறது. அதற்குமேல் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

சுல்தான் பீவி அம்மா நல்லவர்கள். எனக்குச் சோறு ஊட்டுகிறார்கள். "நானும் தர்காவுல ஓதின தண்ணிய ஊத்திக்கிட்டுத்தான் வந்தேன் கண்ணு. அல்லா, மொதல்ல டாக்டரப் பாருடின்னுட்டான்" என்று சிரிக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒன்று நன்றாகிவிட்டது.

எனக்கு லூசியம்மாள் மேல் கோபம் இல்லை அண்ணா. அவள் என்னை ஆசுபத்திரிக்குப் போகாதே என்று சொல்லவில்லை. ஆண்டவரும்கூடக் கண் தெரியாதவனைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் குணமாக்கினார். நம் வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோதும் கேட்கவில்லை. நம்பியது நீங்களும் அப்பாவும். பணயமாக வைத்தது என் கண்ணை.

அந்தக் கைப்பிள்ளையை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. எந்த ஊர், யார் பிள்ளை என்று நான் கேட்டு வைக்கவில்லை. இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். முன்பு கொண்டுபோய்க் கொடுத்தது போலவே இதையும் நீங்கள் அச்சகத்தில் கொடுக்கவேண்டும். அதில் இருப்பது:

"மேலச்சவேரியார்பட்டி உபதேசியார் மகள் கித்தேரியின் கண் குணமானதாக அச்சிட்டது சரியல்ல. குணமாகவில்லை. அவள் பார்வை போய்விட்டது. கண் நோவு உள்ளவர்கள், முக்கியமாகக் கைப்பிள்ளை வைத்திருக்கிறவர்கள், லூசியம்மாளை வேண்டிக்கொண்டு அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போகவும்."

உங்களுக்குக் கஷ்டம் வரும் என்று தெரியும். அங்கிக்கே கேடு வரலாம். தெரிந்தேதான் கேட்கிறேன். எனக்காக உங்களிடம் கேட்பதற்கு இனி ஒன்றும் மீதி இல்லை. இது அந்தப் பிள்ளைக்காக.

கித்தேரி


குருமடம், திருச்சி
1935 ஏப்ரல் 24

சேசு மரி சூசை

என் அன்புக்குரிய தங்கை கித்தேரிக்கு ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் ஆசீர்வாதம். நீயும் அம்மாவும் அப்பாவும் சுகமாய் இருக்கச் சர்வேசுரனை மன்றாடுகிறேன். என் உடம்பு நன்றாக இருக்கிறது. இங்கே வெயில் கடுமை. அங்கே கோடை மழை உண்டா? அம்மாவின் முழங்காலுக்கு இங்கிருந்து தைலம் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை நற்கருணைப் பேழைக்கு முன் முழங்காலில் இருந்து வாசித்தேன். அழுதேன். எத்தனையோ பேருக்குக் கிடைக்காத பெரிய சிலுவையை ஆண்டவர் உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார். உலகத்தைப் பார்க்கிற கண் போனாலும் ஆத்துமத்தின் கண் திறந்திருக்கிறது. நான் குருவாகும் நாளில் என் முதற்பூசை உனக்காகத்தான்.

இப்போது பாடங்கள் அதிகம். வெளியே போக உத்தரவு கிடைப்பதில்லை. அச்சக வேலைகளுக்கு வேறொரு மாணவனை அனுப்புகிறார்கள்.

நீ தனித்தாளில் எழுதி அனுப்பியது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் என் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். தினமும் அதன்மேல் கை வைத்து உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

நம்பிக்கையை மட்டும் விட்டுவிடாதே.

பிரியமுள்ள அண்ணன்,
இன்னாசி